குருந்தக்கல்லும் சுருள்வில்லும்

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

கவிதையைப் பற்றிப் பேசத் தகுதி வாய்ந்தோர் இம்மேடையில் பலர் இருக்கின்றனர். எனக்கு ஓரளவு தெரிந்தது பொருள்களின் இயல்பு மட்டுமே. "உங்களுக்கு விருப்பமானதைப் பேசுங்கள்" என்று விழாக் குழுவினர் பெருந்தன்மையோடு விட்டுவிட்டதனால், விலையுயர்ந்த கைக்கடிகாரங்களின் உள்ளே வைக்கப்படும் பொருள்களைப் பற்றிப் பேசத் துணிந்தேன். சாவி கொடுத்தோ கையசைவினாலோ ஓடுகின்ற கடிகாரங்களையே சொல்கிறேன். மின்கலத்தால் ஓடுவன அல்ல. அவற்றின் மேலுள்ள தங்கமும் வைரமும் என் பொருளல்ல. அவை அணிகலன் வணிகரின் பொருள். பின்மூடியைக் கழற்றினால் தெரிவனவற்றிலிருந்துதான் என் பேச்சு தொடங்குகிறது.

முதலில் ஒரு கணக்கு. இன்றைய நல்ல கடிகாரம் ஒன்றில் பேலன்ஸ் எனப்படும் ஊசலாடும் சக்கரம் வினாடிக்கு 8 முறை திரும்புகிறது. மணிக்கு 28,800. ஒரு நாளைக்கு 6,91,200. ஓராண்டில் 25 கோடியைத் தாண்டும். இத்தனை திருப்பங்களையும் தாங்குவது அச்சின் இரு முனைகள். அம்முனையின் பருமன் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவே. எஃகு முனை பித்தளைத் துளையில் சுழன்றால் என்ன ஆகும்? எண்ணெயில் படிந்த தூசி மென்மையான பித்தளையில் பதிந்து, அரம்போல் எஃகையே அராவத் தொடங்கும். துளை நீள்வட்டமாகும், சக்கரம் சாயும், காலம் பிசகும். ஆகவே உலோகத்தை உலோகத்தின்மேல் ஓடவிடாமல், இடையில் ஒரு கல்லை வைத்தார்கள்.

இதனை முதலில் செய்து காட்டியவர் நிக்கோலா ஃபாத்தியோ. ஸ்விட்சர்லாந்தில் பிறந்த கணித அறிஞர், நியூட்டனின் நண்பர். லண்டனில் தெபோஃப்ர் என்னும் உடன்பிறந்தார் இருவருடன் சேர்ந்து, மாணிக்கத்தில் துளையிட்டுக் கடிகாரத்தில் பொருத்தும் முறைக்கு 1704-இல் காப்புரிமை பெற்றார். அக்காப்புரிமையை நீட்டிக்க அவர்கள் முயன்றபோது லண்டன் கடிகாரத் தொழிலாளர் சங்கம் எதிர்த்து நின்றது. எனினும் அந்தக் கைத்திறன் நெடுங்காலம் ஆங்கிலேயர் கையிலேயே தங்கிவிட்டது. கடலில் நெடுங்கோட்டைக் கணிக்க ஜான் ஹாரிசன் 1759-இல் முடித்த நான்காம் கடிகாரத்திலும் கற்களே துணை நின்றன; சக்கரத்துக்கு உந்துதல் கொடுக்கும் முனைகளுக்கு அவர் வைரத்தையே பயன்படுத்தினார். வைரத்தை அழகுக்கென்று அல்லாமல் உழைப்புக்கென்று பூட்டியவர்களுள் அவரும் ஒருவர்.

பழைய கடிகாரங்களின் முகப்பில் '17 ஜுவல்ஸ்' என்று எழுதியிருப்பதை நம்மில் பலர் பார்த்திருப்போம். அதைப் பெருமைக்காகப் பதித்த கற்கள் என்று எண்ணுவோர் இன்றும் உண்டு. அந்தப் பதினேழும் எங்கே இருக்கின்றன என்று எண்ணிப் பார்ப்பது சுவையானது. ஊசற்சக்கரத்தின் அச்சுக்கு மேலும் கீழுமாகத் துளைக்கற்கள் இரண்டு, அவற்றை மூடும் தட்டைக் கற்கள் இரண்டு, அச்சக்கரம் தள்ளுவதற்கென ஒரு சிறு முளைக்கல்: ஆக ஐந்து. நங்கூரம் போன்ற உறுப்பின் இரு கைகளிலும் இரண்டு, அதன் அச்சுக்கு இரண்டு. பிறகு சக்கரங்கள் நான்கிற்கும் இவ்விரண்டாக எட்டு. பதினேழு நிறைந்தது. ஒன்றைக்கூட எடுத்துவிட முடியாது. எடுத்தால் அந்த இடத்தில் தேய்மானம் தொடங்கும்.

இங்கே நம் மொழிக்குரிய செய்தி ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மாணிக்கமும் நீலமும் வேதியியலில் ஒரே கல். அலுமினியமும் உயிர்வாயுவும் சேர்ந்த அக்கல்லை உலகெங்கும் கனிமவியலார் 'கொரண்டம்' என்கின்றனர். அச்சொல் நம் 'குருந்தம்' என்பதிலிருந்து போனது. வடமொழியில் 'குருவிந்தம்' என்பர். சிலப்பதிகாரத்து ஊர்காண் காதை மதுரை மணிக்கடை வீதியை வருணிக்கையில் மாணிக்கச் சாதிகளைப் பெயர் சொல்லி நிறுத்துகிறது. அவற்றுள் ஒன்று 'விந்தம்'. குருவிந்தம் என்று அதற்கு உரை கூறுவர். ஆனால் ஐரோப்பியர் நம்மிடம் பெற்றுச்சென்றது அரசர் முடியில் பதித்த குருவிந்தத்தை அன்று. கொங்கு மண்ணில் கிடைக்கும் மங்கலான, ஒளிபுகாத குருந்தக்கல்லை. அதைப் பொடித்து அரக்கோடு சேர்த்துச் சாணைபிடிக்கும் சக்கரம் செய்வது நம் கல்வினைஞர் வழக்கம். 1798-இல் சார்லஸ் கிரெவில் என்பவர் லண்டன் ராயல் சொசைட்டியின் ஏட்டில் ஆசியாவின் இந்தக் கல்லைப் பற்றி நீண்ட கட்டுரை ஒன்றை எழுதினார். சாணைக்காரன் பட்டறையில் வழங்கிய சொல் அறிவியலின் சொல்லாயிற்று. வைரத்துக்கு அடுத்தபடியான கடினம் உடையது அக்கல். மோஸ் அளவையில் அதற்கு எண் 9. ஜெனிவாவின் மிகச் சிறந்த கடிகாரத்தைத் திறந்தாலும், அதன் நடுவே செந்நிறமாய் ஒளிர்வது பெயரளவில் நம் குருந்தம்தான். இதில் நாம் இறுமாப்புக் கொள்ள எதுவுமில்லை. ஆயினும் சொற்களோடு வாழ்பவர்கள் அறிந்திருக்க வேண்டிய செய்தி.

இயற்கை மாணிக்கத்தைத் துளைத்துப் பொருத்தும் காலம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தோடு ஏறத்தாழ முடிந்தது. ஓகூஸ்த் வெர்னேய் என்ற பிரெஞ்சு வேதியியலார் 1902-இல் தம் முறையை வெளியிட்டார். தூய அலுமினாப் பொடியோடு சிறிது குரோமியம் சேர்த்து, சிறு சுத்தியலால் தட்டித் தட்டி, உயிர்வாயுவும் ஹைட்ரஜனும் எரியும் சுடரின் ஊடே விழச் செய்வார்கள். வெப்பம் 2000 பாகைக்கும் மேல். பொடி உருகித் துளித்துளியாகக் கீழே ஒரு தண்டின்மேல் படிய, சில மணி நேரத்தில் தலைகீழான பேரிக்காய் வடிவில் ஒரு மாணிக்கம் வளர்ந்து நிற்கும். இதனைப் போலி என்று சொல்வது தவறு. அணுவமைப்பில் அது மாணிக்கமேதான். பிறந்த இடம் மட்டும் வேறு. குறையும் கலப்பும் இல்லாமையால் கடிகாரத்துக்கு இயற்கைக் கல்லைவிட அதுவே ஏற்றது. அந்தச் செந்நிறத்துக்குங்கூடத் தொழிலளவில் தேவையில்லை. நிறமற்ற கல்லும் அதே உழைப்பைத் தரும். மரபினால் சிவப்பு நிலைத்தது.

கல் மலிவாயிற்று. மலிவானதும் ஒரு வேடிக்கை நிகழ்ந்தது. கல்லின் எண்ணிக்கையே தரத்தின் அளவுகோல் என்று வாங்குவோர் நம்பியிருந்தனர் அல்லவா? 1960-களில் சில நிறுவனங்கள் நூறு கல் பதித்த கடிகாரங்களையே விற்றன. கூடுதல் கற்களில் பெரும்பாலானவை எந்த அச்சையும் தாங்கவில்லை. கையசைவில் சுழலும் எடைத்தகட்டைச் சுற்றி வரிசையாகச் சும்மா அமர்ந்திருந்தன. வேலை செய்யாத கல்லைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று பன்னாட்டுத் தர நிர்ணய அமைப்பு 1974-இல் விதி வகுத்தது. நம் தொழிலில் அடைமொழிகளுக்கு அப்படியொரு விதி வகுப்பார் இல்லை என்பதை நினைத்துச் சிரித்துக்கொள்ளலாம். அதற்கு மேல் அந்த ஒப்புமையை நான் நீட்டப் போவதில்லை.

கல்லின் கதை இத்துடன் நிற்க. கடிகாரத்தின் உயிர் கல்லில் இல்லை; ஹேர்ஸ்பிரிங் என்று கடைக்காரர்கள் சொல்லும் மயிரிழை போன்ற சுருள்வில்லில் இருக்கிறது. 1675-இல் ஹைகன்ஸ் அதனை ஊசற்சக்கரத்தோடு இணைத்த நாள்முதல் கடிகாரம் நம்பத்தக்கதாயிற்று. ஆனால் அன்றிலிருந்தே ஒரு பகையும் உடன் வந்தது. அது வெப்பம். சூடேறினால் எஃகின் மீள்விசை குறையும், வில் தளரும், சக்கரம் மெதுவாக ஆடும். வெற்று எஃகு வில்லோடு ஓடும் கடிகாரம், வெப்பம் ஒரு பாகை கூடினால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 10 வினாடி பின்தங்கும். சட்டைப் பையில் இருக்கும்போது ஒரு காலம், இரவில் மேசையில் இருக்கும்போது வேறொரு காலம்.

இருநூறு ஆண்டுகள் இதற்கு மாற்றுத் தேடினர். வெளியே பித்தளையும் உள்ளே எஃகுமாக இரட்டை உலோகத்தில் சக்கரத்தின் விளிம்பைச் செய்து, இரண்டிடத்தில் அதை வெட்டி விட்டனர். சூடேறினால் பித்தளை அதிகம் விரியும்; விளிம்பு உள்நோக்கி வளையும்; சக்கரம் சுருங்கி வேகம் கொள்ளும்; வில்லின் தளர்ச்சி ஈடாகும். கூரிய உத்திதான். ஆயினும் தட்பவெப்பத்தின் இரு எல்லைகளில் சரிசெய்தால் நடுவில் சற்றே பிசகும். அந்த நடுவெப்பப் பிழை நாளைக்கு இரண்டு வினாடி அளவில் இருந்தது. இரண்டு வினாடிக்காக அறிஞர்கள் தூக்கமிழந்தனர் என்றால் நம்ப மாட்டீர்கள்; ஆனால் கடலோடிக்கு அவை கரையா பாறையா என்ற வேறுபாடு.

விடை எதிர்பாராத திசையிலிருந்து வந்தது. ஸ்விட்சர்லாந்தின் ஃப்லுரியே என்ற கடிகார ஊரில் 1861-இல் பிறந்தவர் ஷார்ல் எடுவார் கியோம். கடிகாரத் தொழிற் குடும்பம். 1883-இல் பாரிசுக்கருகே செவ்ர் என்னுமிடத்தில் உள்ள பன்னாட்டு எடை அளவைக் கழகத்தில் சேர்ந்தார். பின்னாளில் அதன் இயக்குநரானார். மீட்டர் அளவின் மூலக்கோல் பிளாட்டினமும் இரிடியமும் கலந்தது. அதன் விலையோ மிக அதிகம். விலை மலிந்த, ஆயினும் நீளம் மாறாத ஓர் உலோகத்தை அவர் தேடினார். இரும்போடு நிக்கலை வெவ்வேறு அளவில் கலந்து சோதித்துக்கொண்டே வந்தவர், 1896-இல் நிக்கல் 36 விழுக்காடு இருக்கும் கலவையில் வியப்பான ஒன்றைக் கண்டார். அது சூட்டில் விரிவதேயில்லை எனலாம். எஃகின் விரிவில் பத்தில் ஒரு பங்கே. 'இன்வார்' என்று பெயரிட்டார். மாறாதது என்று பொருள். பின்பு குரோமியமும் சேர்த்து, சூட்டில் மீள்விசை மாறாத 'எலின்வார்' என்ற கலவையை உருவாக்கினார். ஹேர்ஸ்பிரிங்கின் இருநூறாண்டு நோய்க்கு அதுவே மருந்து. 1920-இல் இயற்பியல் நோபல் பரிசு அவருக்கு வழங்கப்பட்டது. அடுத்த ஆண்டின் பரிசு ஐன்ஸ்டைனுக்கு உரியது. காலம் எல்லோருக்கும் ஒன்றல்ல என்று சொன்னவருக்கு முன்னால், காலம் சூட்டில் பிசகாமல் காத்தவருக்குப் பரிசு போயிற்று! அளவைக் கோலைத் தேடிப் போனவர் தம் முன்னோர் தொழிலின் நோயைத் தீர்த்துவிட்டுத் திரும்பினார் என்பதே எனக்கு இதில் மிகப் பிடித்த பகுதி.

எலின்வார் சற்று மென்மையானது. எளிதில் வடிவம் கெடும். 1933-இல் ரைன்ஹார்ட் ஸ்ட்ரௌமன் பெரிலியம் முதலியன சேர்த்து 'நிவராக்ஸ்' என்ற கலவையைக் கொணர்ந்தார். மாறாதது, துருவேறாதது என்னும் ஜெர்மன் சொற்களின் சுருக்கம் அப்பெயர். இன்றும் ஸ்விஸ் கடிகாரங்களில் பெரும்பாலானவை அவ்வழிவந்த வில்லோடுதான் ஓடுகின்றன. அதே ஸ்ட்ரௌமன் 1954-இல் நிறுவிய ஆய்வுக்கூடம், உலோக அறிவை எலும்பு முறிவு மருத்துவத்துக்கும் பல் மருத்துவத்துக்கும் கொண்டு சென்றது. கடிகாரக் கடையோரமே போகாதவர் வாயிலும் இக்கதையின் ஒரு கிளை இருக்கக்கூடும்.

உலோகம் கிடைத்துவிட்டால் போதுமா? போதாது. வில்லின் வெளிச்சுற்றை மேலே உயர்த்தி உள்நோக்கி வளைத்துவிட்டால் அது எல்லாப் புறமும் சீராக மூச்சுவிடும் என்று 1795-இல் ப்ரெகே கண்டார். அவ்வளைவை இடுக்கியால், உருப்பெருக்கியின் கீழ், கையாலேயே இட வேண்டும். ஸ்விட்சர்லாந்தின் ஜூரா மலையூர்களில் இவ்வேலையைச் செய்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். பலர் வீட்டு ஜன்னலோரம் அமர்ந்து செய்தனர். கடிகார முகப்பில் நிறுவனத்தின் பெயர் உண்டு. உள்ளே காலத்தைச் சீராக்கிய அப்பெண்களின் பெயர் எங்கும் இல்லை.

மற்றப் பொருள்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அடித்தகடும் பாலங்களும் பொதுவாகப் பித்தளை. மேலே ரோடியம் அல்லது நிக்கல் பூச்சு. ஜெர்மனியின் கிளாஸ்ஹுட்டே ஊரில் லாங்கே நிறுவனத்தார் ஜெர்மன் வெள்ளி என்ற கலவையைப் பூச்சின்றியே வைக்கின்றனர். பெயரில்தான் வெள்ளி, உண்மையில் செம்பும் துத்தநாகமும் நிக்கலும். விரல் பட்டால் கறை தங்கிவிடும். ஆண்டுகள் செல்லச் செல்ல மங்கிய பொன்னிறம் ஏறும். அக்கடிகாரங்களை ஒருமுறை முழுதும் பூட்டி, ஓடவிட்டுச் சரிபார்த்து, மறுபடி முற்றாகப் பிரித்து, மெருகேற்றித் துடைத்து, இரண்டாம் முறை பூட்டுகிறார்கள். 1845-இல் தொடங்கிய அந்நிறுவனம் 1948-இல் அரசுடைமையாக்கப்பட்டு மறைந்தது. பெர்லின் சுவர் வீழ்ந்தபின் 1990-இல் வால்டர் லாங்கே அதை மறுபடி நிறுவினார். திருகாணிகளின் நீலம் சாயமன்று. எஃகை ஏறத்தாழ 300 பாகை வரை சூடாக்க, வைக்கோல் நிறம், பழுப்பு, ஊதா என்று மாறி வந்து நீலத்தில் நிற்கும் அந்தக் கணத்தில் எடுத்துவிட வேண்டும். ஒரு நொடி தவறினால் நிறம் வெளிறிப்போகும். தகடுகளின் ஓரத்தைச் சாய்த்து மெருகிட, ஜெண்டியன் என்ற மலைச்செடியின் உலர்ந்த தண்டைப் பயன்படுத்துவோர் இன்றும் உள்ளனர். தங்கமும் ஓரிடத்தில் உண்மையாகவே உழைக்கிறது: கையசைவில் சுழன்று சாவி ஏற்றும் எடைத்தகட்டில். அங்கே வேண்டுவது அதன் கனம். சிறிய இடத்தில் நிறைய எடை.

எண்ணெயைச் சொல்லாமல் விட முடியாது. கடல்பன்றியின் தாடை எண்ணெயை நெடுங்காலம் பயன்படுத்தினர். இன்று செயற்கை எண்ணெய். எதுவானாலும் சில ஆண்டுகளில் உலர்ந்துவிடும். ஹாரிசன் 1722 அளவில் ப்ராக்கிள்ஸ்பி மாளிகைக்குச் செய்த கோபுரக் கடிகாரத்தில் லிக்னம் விட்டே என்னும், தானே எண்ணெய் கசியும் மரத்தைப் பயன்படுத்தி எண்ணெயையே தவிர்த்தார். அப்பழைய கனவு இந்நூற்றாண்டில் வேறு வடிவில் நிறைவேறியது. அதுதான் நான் சொல்ல வந்த வழக்கு.

2001-இல் யுலிஸ் நார்தான் நிறுவனம், லுட்விக் ஓக்ஸ்லின் வடிவமைத்த கடிகாரம் ஒன்றில் சிலிக்கனால் ஆன சக்கரங்களை வைத்தது. பத்தெக் பிலிப் 2005-இல் சிலிக்கன் சக்கரத்தையும் 2006-இல் சிலிக்கன் சுருள்வில்லையும் கொண்டு வந்தது. அந்தச் சிலிக்கனுக்கு இட்ட பெயர் 'சிலின்வார்'. கியோமின் சொல் நூறாண்டு கடந்தும் வால்பிடித்து வருவதைக் காணலாம். கணினிச் சில்லுகளைப் போலவே மெல்லிய தகட்டிலிருந்து இவற்றை அரித்தெடுக்கின்றனர். சூட்டில் சிலிக்கனின் மீள்விசை குறையும்; மேலே படியவிட்ட ஆக்சைடின் மீள்விசை கூடும்; ஒன்றையொன்று ஈடுசெய்யும். காந்தம் அணுகாது. எஃகின் எடையில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. சிலிக்கன் சக்கரத்தின் பற்களுக்கு எண்ணெயே தேவையில்லை எனலாம். ஒன்றுக்கொன்று அச்சுப்பிசகாத ஆயிரம் வில்களை ஒரே நாளில் பெறலாம்.

ஆனால் அதை வளைக்க முடியாது. உலோக வில் கோணிவிட்டால் தேர்ந்த கை இடுக்கியால் நிமிர்த்திவிடும். சிலிக்கன் நிமிராது, உடையும். ஃபிலிப் டுஃபூர் போன்ற தனிக் கைவினைஞர்கள் உலோகத்தை விட்டு நகராமைக்கு இது ஒரு காரணம். இதைக் கேட்டவுடன் நம் மனம் பழைய பக்கமே சாயும். கைபட்டது உயர்ந்தது, இயந்திரம் அரித்தது தாழ்ந்தது என்று தீர்ப்பளிக்கத் தோன்றும். எனக்கு அத்தீர்ப்பில் உடன்பாடில்லை. மாணிக்கக் கல்லும் வளையாது. அதுவும் உடைந்தால் உடைந்ததுதான், ஒட்ட முடியாது. அதுவும் உலையில் விளைந்ததே. முந்நூறு ஆண்டுகளாக அதனோடு வாழ்ந்து வருகிறோம். யாரும் குறை சொல்லவில்லை.

வேறுபாடு பொருளில் இல்லை என்றே நான் கருதுகிறேன். மாணிக்கத் துளைக்கற்கள் மில்லிமீட்டரின் நூறில் ஒரு பங்கு அளவுக்குத் தரப்படுத்தப்பட்டவை. உடைந்த கல்லைத் தள்ளி எடுத்துவிட்டு, அதே அளவுள்ள வேறொன்றை அழுத்திப் பொருத்தலாம். அதைச் செய்ய எந்த நிறுவனத்தின் ஒப்புதலும் வேண்டியதில்லை. செய்த நிறுவனமே மறைந்து போயிருந்தாலும் கடிகாரம் ஓடும். சிலிக்கன் வில்லோ அந்த ஒரு கடிகாரத்துக்கென்று, அந்த ஒரு நிறுவனத்தின் வரைபடப்படி அரிக்கப்பட்டது. 1839 முதல் தான் செய்த எக்கடிகாரத்தையும் செப்பனிட்டுத் தருவதாகப் பத்தெக் பிலிப் சொல்லி வருகிறது. அச்சொல்லை நான் ஐயுறவில்லை. ஆயின் அதற்கு அந்நிறுவனம் இருந்தாக வேண்டும். அந்த வரைபடமும் அதனை அரிக்கும் கூடமும் இருந்தாக வேண்டும். 1948-இல் கிளாஸ்ஹுட்டேயில் லாங்கே மறைந்தபோது, அதற்கு முன் செய்யப்பட்ட அதன் கடிகாரங்கள் நின்றுவிடவில்லை. எந்த ஊரிலேனும் ஒரு நல்ல கடிகாரக்காரர் மேசை இழுப்பறையைத் திறந்து, கற்களை அளவு பார்த்து எடுத்துப் பொருத்தினார். வில்லை இடுக்கியால் நிமிர்த்தினார். நாற்பத்திரண்டு ஆண்டுகள் அவை ஓடிக்கொண்டிருந்தன.